முன்னுரிமையின் வரலாறு: ஈதர்நெட் வலையில் செய்திகளை வகைபிரித்த கதை

முன்னுரை

வரிசை என்று ஒன்று தோன்றிய இடத்திலெல்லாம் ‘யார் முந்துவது?’ என்னும் வினாவும் உடன் தோன்றிவிடுகிறது. கிணற்றடியில் குடத்தோடு நிற்போரிடையேயும் இவ்வினா உண்டு. வாய்க்கால் நீரை எந்த வயலுக்கு முதலில் திறப்பது என்று ஊர் கூடிப் பேசும் இடத்திலும் உண்டு. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது எளிய நீதி. ஆயினும் பந்திக்கு வந்தவனையும் பாம்பு கடித்து மருத்துவரிடம் தூக்கி வரப்பட்டவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியாகாது. எனவே மக்கள் எக்காலத்தும் வரிசையை வகுத்தனர். வகுத்த வரிசைக்குள்ளும் வகை பிரித்தனர்.

இப்பழைய வினா இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதிய இடத்திற்குக் குடிபெயர்ந்தது. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு சுவரோரத்தில் அமைதியாக இருக்கும் ஒரு சிறு பெட்டியே அவ்விடம். அதற்கு ஈதர்நெட் சுவிட்சு என்று பெயர். ஒரு நொடியில் பல்லாயிரம் செய்தித் துண்டுகள் அதனுள் நுழைந்து வெளியேறுகின்றன. அவற்றுள் எது முந்த வேண்டும், எது காத்திருக்க வேண்டும், இடம் போதாதபோது எதைக் கைவிட வேண்டும் என்று அப்பெட்டி முடிவு செய்கிறது. அம்முடிவுக்கான விதிகள் உருவான வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

தந்தியும் தொலைபேசியும்

மின்சாரத்தின் துணையால் செய்தி செல்லத் தொடங்கிய காலத்திலேயே வகைபிரிப்பும் தொடங்கிவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1875ஆம் ஆண்டு கூடிய நாடுகள் அனைத்துலகத் தந்தி உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. அதில் தந்திகள் அரசுத் தந்தி, தந்தித் துறையின் அலுவல் தந்தி, தனியார் தந்தி என மூவகையாகப் பிரிக்கப்பட்டன. அனுப்பும் வரிசையில் அரசுத் தந்தி முந்த வேண்டும் என்பதும் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. தனியார் தந்திகளுள் மிகுந்த கட்டணம் செலுத்தப்பட்ட அவசரத் தந்தி, மற்றவற்றைக் கடந்து முன்னே சென்றது. 1906ஆம் ஆண்டு பெர்லின் நகரில் உருவான வானொலித் தந்தி உடன்படிக்கை, கடலில் இடருற்ற கப்பலின் அழைப்புக்கு எல்லாவற்றினும் மேலான முதன்மை வழங்கியது.

இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால், முன்னுரிமைக்கு மூன்று வேர்கள் இருப்பது விளங்கும். முதலாவது அதிகாரம், இரண்டாவது பணம், மூன்றாவது தேவை. பின்வந்த கருவிகள் எத்துணை நுட்பமாயினும், அவற்றின் முன்னுரிமை இம்மூன்று வேர்களுள் ஒன்றிலிருந்தே முளைத்தது.

அமெரிக்கப் படைத்துறை 1960களில் அமைத்த ‘ஆட்டோவான்’ என்னும் தொலைபேசி வலை, அதிகாரத்தை வேராகக் கொண்டது. அதன் தொலைபேசிகளில் வழக்கமான பன்னிரண்டு பொத்தான்களுக்கு அப்பால் வலப்புறத்தில் நான்கு பொத்தான்கள் தனியே இருந்தன. அவை நான்கும் நான்கு முன்னுரிமைப் படிகளைக் குறித்தன. பொத்தான் எதனையும் அழுத்தாது பேசினால் அது சாதாரண அழைப்பு. இணைப்புகள் யாவும் நிரம்பிய வேளையில் உயர்படி அழைப்பு ஒன்று வருமாயின், கீழ்ப்படி அழைப்பு நடுவிலேயே துண்டிக்கப்பட்டு அதற்கு இடம் விடப்பட்டது.

பொட்டலத்தின் மேல் எழுதிய எண்

1960களில் அமெரிக்கரான பால் பேரனும் இங்கிலாந்தின் டொனால்டு டேவிசும் தனித்தனியே ஒரே கருத்தை அடைந்தனர். செய்தியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதி அனுப்புவதே அக்கருத்து. அத்துண்டுக்குப் ‘பொட்டலம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சூட்டியவர் டேவிசு. தொலைபேசியில் ஓர் இணைப்பு இருவருக்கு மட்டும் உரியதாக இருந்தது. பொட்டல முறையிலோ ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்வு வந்ததும் காத்திருத்தலும் வந்தது.

ஜான் போஸ்டல் தொகுத்து 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை ஆவணம், இதனை நன்கு உணர்ந்திருந்தது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் ‘சேவை வகை’ என்று எட்டு பிட் இடம் ஒதுக்கப்பட்டது. பிட் என்பது 0 அல்லது 1 என ஏதேனும் ஒன்றை மட்டும் ஏற்கும் மிகச் சிறிய அலகு. அவ்வெட்டனுள் முதல் மூன்று பிட்டுகள் முன்னுரிமைக்கு உரியவை. மூன்று பிட்டுகளால் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளை எழுதலாம். அப்படிகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் சில, ஆட்டோவான் பொத்தான்களின் பெயர்களே. படைத்துறைப் பழக்கம் அறிவியல் ஆவணத்தினுள் அப்படியே வந்து அமர்ந்தது. எனினும் அவ்விடம் நெடுங்காலம் பெரும்பாலும் பயனின்றியே கிடந்தது.

இதற்கிடையே ஈதர்நெட் பிறந்திருந்தது. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் எழுதிய குறிப்பு அதன் பிறப்புச் சான்று எனலாம். டேவிட் பாக்ஸ் அவருடன் இணைந்து அதனை உருவாக்கினார். ஒரே கம்பியில் பல கணினிகள் இணைந்திருக்கும். கம்பி ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டு, ஓய்ந்திருந்தால் கணினி பேசும். இரண்டு ஒருசேரப் பேசினால் மோதல் நிகழும். இரண்டும் நிறுத்தி, குருட்டாம்போக்கில் அமைந்த சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் முயலும். இம்முறையில் பெரியவர் சிறியவர் என்னும் வேற்றுமை இல்லை. முன்னுரிமை என்னும் சொல்லுக்கே இடமில்லை.

ஐ.பி.எம். நிறுவனம் 1985ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த ‘டோக்கன் ரிங்’ என்னும் போட்டி முறையில் எட்டுப் படி முன்னுரிமை தொடக்கத்திலேயே அமைந்திருந்தது. 1990களின் நடுவில் வந்த ‘100 விஜி எனிலேன்’ என்னும் மற்றொரு முறையும் இரண்டு படிகளைக் கொண்டிருந்தது. முன்னுரிமை அறிந்த இவ்விரண்டும் சந்தையில் தோற்றன. முன்னுரிமை அறியாத ஈதர்நெட் வென்றது. விலைக் குறைவும் எளிமையும் அதன் வெற்றிக்குக் காரணங்கள். ஆயினும் தோற்றவர்களிடமிருந்த ஒரு குணத்தை வென்றவர் பின்னாளில் கடன் வாங்க நேர்ந்தது.

நெரிசல் கற்பித்த பாடம்

1986ஆம் ஆண்டு அக்டோபரில் இணையம் தன் முதற்பெரும் நெரிசலைக் கண்டது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் அருகிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 400 கெஜமே. அவ்வழியில் நொடிக்கு 32,000 பிட் சென்ற செய்தி, திடீரென நொடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. எண்ணூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிய இவ்வீழ்ச்சியை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், அனுப்பும் கணினிகள் நெரிசலை உணர்ந்து தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988ஆம் ஆண்டு விளக்கினார். அவர் தந்த மருந்து, தனிமனித அடக்கம் போன்றது.

ஆனால் அடக்கமில்லாத ஒருவன் வந்தால் என் செய்வது? இவ்வினாவை ஜான் நேகல் 1985ஆம் ஆண்டிலேயே எழுப்பியிருந்தார். எல்லாருக்கும் ஒரே வரிசை என்றால், மிகுதியாகத் திணிப்பவனுக்கே மிகுதியான பங்கு கிடைக்கும், அடங்கியிருப்பவன் இழப்பான். எனவே ஒவ்வோர் அனுப்புநருக்கும் தனி வரிசை அமைத்து, முறை வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டலம் எடுக்க வேண்டும் என்றார் அவர். அவ்வாறாயின், பேராசைக்காரன் தன் வரிசையையே நீளமாக்கிக்கொள்வான். பிறருக்குக் கேடு நேராது. வரிசையை வகுப்பவன் நடத்தையையும் வகுக்கிறான் என்னும் உண்மையை இது காட்டிற்று.

சுவிட்சின் வருகை

1990ஆம் ஆண்டு, கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் ‘ஈதர்சுவிட்ச்’ என்ற பெயரில் ஏழு துறைகள் கொண்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. இதனையே முதல் ஈதர்நெட் சுவிட்சு என்பர். அதன் நிறுவனர் இருவருள் ஒருவர் வினோத் பரத்வாஜ். மற்றவர் லாரி பிளேர். தமிழில் ‘கற்பனை’ என வழங்கும் சொல்லே அந்நிறுவனத்தின் பெயர் என்பது ஈண்டு இன்சுவை தரும் செய்தி. 1994ஆம் ஆண்டு அது சிஸ்கோ நிறுவனத்துடன் சேர்ந்துவிட்டது.

சுவிட்சு எந்தத் துறையில் எந்தக் கணினி இருக்கிறது என்பதைத் தானே கற்று நினைவில் கொள்ளும். வந்த செய்தியை எல்லாருக்கும் ஒலிபரப்பாமல், உரியவரின் துறைக்கு மட்டும் அனுப்பும். இதனால் பழைய மோதல் குறைந்தது. ஆயினும் ஒரு புதிய நிலை தோன்றிற்று. இரு துறைகளிலிருந்து வந்த செய்திகள் ஒரே துறை வழியாக வெளியேற விரும்பினால், ஒன்று காத்திருக்க வேண்டும். பழைய கம்பியில் காத்திருத்தல் கணினிகளிடம் இருந்தது. இப்போது அது பெட்டியின் வயிற்றுக்குள் வந்துவிட்டது. பெட்டிக்குள் வரிசை தோன்றியதும், ‘யார் முந்துவது?’ என்ற வினாவும் அங்கே வந்து நின்றது.

அதே வேளையில் வலையின் பயனும் மாறிக்கொண்டிருந்தது. கடிதமும் கோப்பும் மட்டும் சென்ற வழியில் மனிதக் குரலும் படமும் செல்லத் தொடங்கின. கோப்பு ஒன்று அரை நொடி தாமதித்தால் எவரும் அறியார். குரல் அத்தகையதன்று. வழக்கமான தொலைபேசித் தரத்தில் குரலுக்கு நொடிக்கு 64,000 பிட் வேண்டும். அதனை 20 மில்லிநொடிக்கு ஒன்றாக நறுக்கினால், நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். அவை சீரான இடைவெளியில் வந்துசேர வேண்டும். வாயிலிருந்து செவிக்குச் செல்லும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் அடங்கினால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மேலும், தொலைந்த கோப்புத் துண்டை மீண்டும் கேட்டு வாங்கலாம். தொலைந்த குரலைத் திரும்பக் கேட்பதற்குள் பேச்சு கடந்துபோய்விடும். தேவை என்னும் மூன்றாவது வேர் இங்கே ஆழப் பதிந்தது.

மூன்று பிட்டுகள்

ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் அமைப்பின் குழு இதற்குத் தீர்வு கண்டது. 802.1பி என்று வழங்கிய அதன் முடிவுகள், 1998ஆம் ஆண்டின் 802.1டி தரவிதியில் இடம்பெற்றன. அதே ஆண்டு 802.1கியூ என்னும் தரவிதியும் வெளிவந்தது. ஈதர்நெட் சட்டகத்தில் அனுப்புநர் முகவரிக்கு அடுத்து, நான்கு பைட் அளவில் ஒரு குறிச்சீட்டைச் செருகலாம் என்றது அது. அச்சீட்டின் 32 பிட்டுகளுள் 16 ‘இது குறிச்சீட்டு’ என்று அறிவிக்கும். 12 எந்தக் குழுவின் வலை என்று கூறும். 1 வேறு பணிக்கு உரியது. எஞ்சிய 3 முன்னுரிமைக்கு உரியவை. இச்சீட்டுக்கு இடம் தருவதற்காக, சட்டகத்தின் பேரளவு 1,518 பைட்டிலிருந்து 1,522 பைட்டாக உயர்த்தப்பட்டது.

எட்டுப் படிகளின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. மேற்படியான 7 வலையைக் கட்டிக்காக்கும் செய்திகளுக்கு உரியது. வழி சிதைந்தால் எதுவுமே செல்லாதாதலின் இது பொருத்தமே. ஆனால் அடிப்படி 0 அன்று, 1 ஆகும். குறியற்ற பழைய செய்திகள் யாவும் 0 எனக் கருதப்பட்டன. அவற்றினும் தாழ்ந்த, இரவில் ஓடும் நகலெடுப்புப் போன்ற பின்னணிப் பணிகளுக்கு ஒரு படி தேவைப்பட்டபோது, 0க்குக் கீழே எண் இல்லாமையால் 1 அவ்விடம் பெற்றது. குரலுக்கு 1998இல் 6ஆம் படி காட்டப்பட்டது. கருவி செய்வோர் பலர் 5ஆம் படியைக் கையாண்டனர். 2005ஆம் ஆண்டின் 802.1கியூ தரவிதியும் குரலுக்கு 5ஐயே காட்டிற்று. ஏட்டு விதியை வழக்கு வென்றது. இலக்கணம் கற்பிப்போர்க்கு இது புதிதன்று.

பெட்டிக்குள் நிகழ்வன

சுவிட்சின் பணியை ஐந்து படிகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது வகைபிரித்தல். செய்தி எந்தத் துறையில் நுழைந்தது, குறிச்சீட்டில் என்ன எண் உள்ளது, அனுப்புநரும் பெறுநரும் யாவர், எத்தகைய பயன்பாட்டுக்கு உரியது என்பவற்றை நோக்கி, சுவிட்சு அதனை ஒரு வகையில் சேர்க்கும். இரண்டாவது அளவு காத்தல். ஒரு வாளியில் சீரான வேகத்தில் வில்லைகள் விழுவதாகக் கொள்க. செய்தி ஒன்று செல்ல அதற்கேற்ற வில்லைகள் வேண்டும். வாளி வெறுமையானால் மிகுதிச் செய்தி தாழ்த்தப்படும் அல்லது கைவிடப்படும். மூன்றாவது குறியிடல். நான்காவது வரிசையில் நிறுத்தல். ஒவ்வொரு துறைக்கும் நான்கோ எட்டோ வரிசைகள் இருத்தல் வழக்கம். ஐந்தாவது எடுத்து அனுப்புதல்.

இவ்வைந்தாவது படியில்தான் நீதி சோதிக்கப்படுகிறது. உயர்ந்த வரிசை வெறுமையாகும் வரை தாழ்ந்த வரிசையைத் தொடுவதில்லை என்பது ஒரு முறை. குரலுக்கு இது நன்று. ஆனால் உயர்வரிசை ஓயாது நிரம்பினால், கீழே நிற்பவை பட்டினி கிடக்கும். பங்கு வைத்து முறைப்படி எடுப்பது மற்றொரு முறை. இதில் எவரும் பட்டினி கிடவார். ஆயினும் குரல் சிறிது காத்திருக்கும். பல சுவிட்சுகளில் இரண்டும் இணைக்கப்பட்டன. குரலுக்கு முழு முதன்மை, ஆனால் அளவிட்ட முதன்மை, மற்றவற்றுக்குப் பங்கு. முந்துவோருக்கு வரம்பு இட்ட பின்னரே முன்னுரிமை நேர்மையாகிறது.

முன்னுரிமையால் ஆகாததும் உண்டு. 1,518 பைட் நீளமான சட்டகம், நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் கம்பியில் வெளியேற ஏறத்தாழ 1.2 மில்லிநொடி ஆகும். அது புறப்பட்டுவிட்ட மறுகணம் குரல் வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். கம்பி பத்து மடங்கு விரைவானால் இக்காத்திருப்பும் பத்தில் ஒன்றாகும். செல்லும் சட்டகத்தை இடையில் நிறுத்தி அவசரச் செய்திக்கு வழிவிடும் விதிகள் 2016ஆம் ஆண்டிலேயே வந்தன. குறித்த நேரத்தில் குறித்த வரிசையின் கதவைத் திறக்கும் முறையும், 2015ஆம் ஆண்டின் 802.1கியூபிவி விதியால் அமைந்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கு இவை வேண்டப்பட்டன.

நம்பிக்கையின் எல்லை

ஈதர்நெட் குறிச்சீட்டு ஒரு வளாகத்திற்குள் பயன்படுவது. வலைகளைக் கடந்து செல்ல, பொட்டலத்தின் மேலேயே குறி வேண்டும். 1990களில் இதற்கு இரு வழிகள் ஆராயப்பட்டன. ஒவ்வோர் உரையாடலுக்கும் வழிநெடுக இடம் முன்பதிவு செய்வது முதல் வழி. 1997ஆம் ஆண்டு இதற்கான நெறிமுறை வெளிவந்தது. ஆனால் நடுவழிக் கருவிகள் இலட்சக்கணக்கான உரையாடல்களைத் தனித்தனியே நினைவில் வைத்தல் அரிது. எனவே 1998ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வழி முன்வைக்கப்பட்டது. பழைய ‘சேவை வகை’ இடத்தின் ஆறு பிட்டுகளில் 0 முதல் 63 வரை ஒரு குறியீட்டு எண் எழுதப்படும். நுணுகி வகைபிரிக்கும் பணி வலையின் விளிம்பில் ஒருமுறை நடைபெறும். உள்ளிருப்பவை எண்ணை மட்டும் நோக்கும். குரலுக்கு வழங்கிய எண் 46. அதனை இரும எண்ணாக எழுதினால் 101110. முதல் மூன்று பிட்டுகள் 101, அதாவது 5. பழைய முன்னுரிமை எண் புதிய குறியீட்டின் தலையில் அப்படியே அமர்ந்திருக்கிறது.

எண்ணை எழுதுவது எளிது, நம்புவது அரிது. எந்தக் கணினியும் தன் செய்தியின் மேல் 7 என்று எழுதிக்கொள்ளலாம். எல்லாரும் அவ்வாறு எழுதினால் முன்னுரிமை ஒழிந்து பழைய ஒரே வரிசையே மிஞ்சும். எனவே ‘நம்பிக்கை எல்லை’ என்னும் கோட்பாடு எழுந்தது. நிருவாகத்தின் மேற்பார்வையில் உள்ள தொலைபேசியின் குறி ஏற்கப்படும்; எவரும் கொண்டுவந்து செருகும் கணினியின் குறி அழிக்கப்பட்டு 0 என எழுதப்படும். வளாகத்திற்குள் இது இயலும், ஏனெனில் அங்கே பொறுப்பாளர் ஒருவரே. வலைகள் பலர் கையில் இருக்கும் பேரிணையத்தில் இயலவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ‘இன்டர்நெட்2’ அமைப்பு உயர்தரச் சேவையை அமைக்க முயன்றது. அதில் உழைத்த பென் டைட்டல்பாமும் ஸ்டானிஸ்லாவ் ஷலுனோவும், அச்சேவை ஏன் நிலைபெறவில்லை என்று 2002ஆம் ஆண்டு எழுதினர். ஒவ்வொரு விளிம்பிலும் காவல் போடும் செலவைவிடக் கம்பியை அகலப்படுத்தும் செலவு குறைவு என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வகுப்பவர் யார்?

பேரிணையத்தில் முன்னுரிமை வழங்க விரும்பியவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அங்கே பணம் என்னும் வேர் மீண்டும் தளிர்க்கும் என்ற அச்சம் பரவிற்று. செல்வம் படைத்த நிறுவனத்தின் செய்தி முந்தவும் சிறியவர் செய்தி பிந்தவும் ஆகுமோ என்பதே ‘இணையச் சமநிலை’ என்னும் நெடிய வழக்கின் உள்ளீடு. ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் இதில் ஒரு கோடு கிழித்தது. செய்தி வகைகளின் தொழில்நுட்பத் தேவை வேறுபடுமாயின், அதற்கேற்ப நியாயமாக நிருவகிக்கலாம். வணிக நோக்கால் வேறுபடுத்தலாகாது. தேவைக்கு இடமுண்டு, பணத்திற்கு இடமில்லை என்று இதனைச் சுருங்கக் கூறலாம். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு ஏற்ற விதிகள் 2017இல் நீக்கப்பட்டு, 2024இல் மீண்டும் வந்து, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் தள்ளப்பட்டன. அவ்வழக்கின் அலைவே வினாவின் கடுமையைக் காட்டும்.

வகைபிரிக்கும் கலையும் இன்று புதிய இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. ஒரு காலத்தில் பயன்பாடு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி எண்ணைத் தாங்கி வந்தது. அதனை நோக்கியே வகை அறியலாம். இப்போது செய்திகளுட் பெரும்பாலானவை மறைகுறியில் பொதிந்து, ஒரே வாயிலின் வழியே செல்கின்றன. உள்ளே குரலா, படமா, கோப்பா என்பது சுவிட்சுக்குப் புலப்படாது. தனிமனித மறைவைக் காக்கும் இம்முறை வேண்டத்தக்கதே. ஆயினும் அதன் விளைவாக, வகைபிரிப்பு மீண்டும் அனுப்புநர் எழுதும் குறியையும், அக்குறியை நம்பலாமா என்னும் வினாவையும் சார்ந்து நிற்கிறது.

முடிவுரை

‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்பது தமிழர் பழமொழி. தந்தியில் அரசு வகுத்தது. ஆட்டோவானில் படைத்துறை வகுத்தது. ஈதர்நெட் சுவிட்சிலோ குரலின் தேவையும் கோப்பின் பொறுமையும் ஆராயப்பட்டு வாய்க்கால் வகுக்கப்பட்டது. அங்கும் வகுப்பவர் மனிதரே. எண்ணை ஏற்றுவதும் அழிப்பதும், பங்கை அளப்பதும், கடைசி வரிசைக்குச் சிறிதேனும் ஒதுக்குவதும் ஒரு நிருவாகியின் தீர்ப்பைப் பொறுத்தவை. பெட்டி அத்தீர்ப்பை அயராது நிறைவேற்றும். அது சரியா தவறா என்று கேட்காது.

ஆதலின் இத்துறையைக் கற்கும் மாணவர், எந்த எண்ணை எங்கே எழுதுவது என்பதோடு நின்றுவிடலாகாது. முந்துவதற்கு இச்செய்திக்குள்ள தகுதி யாது, அதனால் பிந்துவது எது, பிந்தியது முற்றிலும் கைவிடப்படாமல் காக்க வழி என்ன என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பி விடை காணல் வேண்டும். மூன்று பிட்டுகளுக்குள் அடங்கும் எண் சிறியது. அதனை எழுதும் கையின் பொறுப்பு பெரியது.